தலையைப் பார்த்துப் போட்ட வரப்பு

போன மாதம் செல்வி போன் செய்தாள். நான் நில அளவராக இருந்து ஓய்வு பெற்றவன். கடைசியாக நான் அளவராக இருந்த பிர்க்காவில் இப்போது அந்த வேலையைப் பார்க்கிறவள் அவள். தொல்லியல்காரர்கள் வந்து பொத்தையடி என்ற ஊரில் நிற்கும் குத்துக்கல்லைப் பார்த்துவிட்டுப் போயிருக்கிறார்களாம். சாய்ந்து நிற்கும் கல்லை நிமிர்த்தி, சுற்றிக் கம்பிவேலி போட்டு, பெயர்ப்பலகை வைக்கப் போகிறார்களாம். கல்லை நிமிர்த்தினால் நம்முடைய எல்லை மாறிவிடுமா என்பது அவள் கேள்வி.

மாறாது என்றேன். பழைய புலப்படத்தில் அந்தக் கல்தானே எல்லைக் கல், அது அசைந்தால் எல்லையும் அசையத்தானே வேண்டும் என்று விடாமல் கேட்டாள். நல்ல கேள்விதான். செல்வியின் கையில் இருக்கும் கருவி வானத்துச் சாட்டிலைட்டுகளைக் கேட்டு, நிற்கிற இடத்தை விரற்கடை பிசகாமல் சொல்லிவிடும். அந்த எல்லை ஏன் அப்படிப் போகிறது என்று அதற்குத் தெரியாது. போனில் சொல்லி முடிகிற காரியமில்லை, எழுதி அனுப்புகிறேன் என்றேன். எனக்கும் பொழுது போக வேண்டும். பாளையங்கோட்டையில் இந்த வீட்டில் நானும் ஒரு மின்விசிறியும்தான் இருக்கிறோம்.

சந்தோஷமாக இருக்கும் குடும்பம் சர்வேயரைக் கூப்பிட்டதாக எனக்குத் தெரியாது. அண்ணன் தம்பி முறைத்துக்கொண்டு, பெரிய மனிதர்கள் பேசிப் பார்த்து ஓய்ந்த பிறகுதான் எங்களுக்கு மனு வரும். நாங்கள் ஊருக்குள் நுழைந்தால் நாய்கூட இரண்டு கட்சியாகப் பிரிந்து நின்று குரைக்கும். அளந்து முடித்துக் கிளம்பும்போது ஒரு தரப்பு முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஜெயித்த தரப்பும் வழியனுப்ப வராது. வந்தால், கையில் ஏதோ கொடுத்துத்தான் ஜெயித்தான் என்று ஊர் பேசும். அதனால் எந்த ஊரிலிருந்தும் தனியாகத்தான் பஸ் ஏறுவோம்.

பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வெயிலில் அளவுச் சங்கிலி இழுத்தோம், தப்பாகக் கணக்குப் போட்டோம், திட்டு வாங்கினோம். பிறகு எங்களுக்கு மேலதிகாரியான சார் ஆய்வாளர் நம்பிராஜனிடம் வந்து சேர்ந்தேன். ஒல்லியான மனிதர். முழுக்கைச் சட்டையைக் கழுத்துப் பொத்தான் வரை போட்டிருப்பார், கையில் கறுப்புக் குடை. கோபம் வந்தால் அவருக்குக் குரல் இறங்கும். ரொம்பக் கோபம் வந்தால் பேச்சே இருக்காது; கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். அவர் துடைக்க ஆரம்பித்தால் நாங்கள் வாயைத் திறக்காமல் போய், அளந்ததையே இன்னொரு முறை அளந்துகொண்டு வருவோம்.

அவருடைய முதல் சட்டம் தண்ணீர். அளக்கப் போகிற ஊரில் பச்சைத் தண்ணீர்கூட வாங்கிக் குடிக்கக் கூடாது. “மேற்க உள்ளவன் வீட்ல ஒரு வாய் தண்ணி குடிச்சீரு, கிழக்க உள்ளவனுக்கு நம்ம சங்கிலி நீளமாத் தெரியும் வே” என்பார். சோறும் தண்ணீரும் வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு போவோம். மத்தியானம் மரத்தடியில் உட்கார்ந்து சாப்பிடலாம் என்றால் அதற்கும் விட மாட்டார். மரம் யாரோ ஒருவனுக்குச் சொந்தம்தானே, அவன் நிழலில் உட்கார்ந்தால் அது அவன் உபசாரம் ஆகிவிடுமாம். எல்லைக்கோட்டின் மேலேயே குடையை விரித்து, ஒரு கால் இவன் நிலத்திலும் ஒரு கால் அவன் நிலத்திலுமாக உட்கார்ந்து தயிர்சாதம் சாப்பிடுவார். நாங்களும் அவர் பின்னால் அதே கோட்டில் வரிசையாக உட்காருவோம். பார்க்கிறவர்களுக்குச் சிரிப்பாக இருந்திருக்கும். எனக்கு எத்தனையோ ஊர் தெரியும், எந்த ஊரிலும் ஒரு வீட்டுக் குழம்பின் ருசி தெரியாது.

இன்னொரு சட்டம் கால். தூரத்தில் நட்டிருக்கும் சிவப்பு வெள்ளைக் கம்பைக் கருவியில் பார்க்கும்போது, கம்பின் தலையைப் பார்க்கக் கூடாது, மண்ணில் ஊன்றிய காலைப் பார்க்க வேண்டும். நட்டவனுடைய கை நடுங்கியிருக்கலாம், காற்று தள்ளியிருக்கலாம். தலை எங்கே வேண்டுமானாலும் போகும், கால் நட்ட இடத்தில் இருக்கும். கால் தெரியாவிட்டால் புதரை வெட்டு, மேட்டைக் கொத்து, வயிறு மண்ணில் படப் படுத்துப் பார். தலை தெரிகிறதே என்று சோம்பேறித்தனமாக அளந்தால் அன்றைக்கு அவர் கண்ணாடியைக் கழற்றிவிடுவார்.

அவரைப் பற்றி ஒன்று சொன்னால் மற்றது புரியும். சீவலப்பேரிப் பக்கம் ஒரு வெள்ளத்தில் ஆறு கரையை அறுத்துக்கொண்டு போய்விட்டது. ஒரு விவசாயி வந்து, ஆறு தின்ற தன் வயலை அளந்து காட்டவேண்டும் என்றார். நாங்கள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம். நம்பிராஜன் சிரிக்கவில்லை. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் இறங்கி, கணக்குப் பார்த்து, ஓடுகிற ஆற்றுக்குள் நாலு மூங்கில் கம்பை ஊன்றினார். “இது வரைக்கும் உங்களுது அண்ணாச்சி, ஆறு திருப்பித் தரும்போது வாங்கிக்கிடுங்க” என்று சொல்லிவிட்டு ஈர வேட்டியோடு கரையேறி வந்தார். அந்த விவசாயி அன்றைக்கு அவரைக் கும்பிட்டது இன்னும் கண்ணில் இருக்கிறது.

இனி குத்துக்கல்லுக்கு வருகிறேன். ஆழ்வார்குறிச்சிக்கு வடக்கே, மேற்கு மலையைப் பார்த்தபடி ஒரு சின்னப் பாறைக்குன்று இருக்கிறது. எங்கள் பக்கத்தில் அதைப் பொத்தை என்போம். அதன் அடியில் ஐந்து வீடுகள், அதனால் ஊருக்குப் பொத்தையடி என்று பெயர். பொத்தைக்குத் தெற்கே உடைமுள் காட்டுக்குள் நாலைந்து கற்கள் நட்டு நிற்கும். மற்றவை இடுப்பளவுதான். ஒன்று மட்டும் இரண்டு ஆள் உயரம். உளி படாத கல். பாறையிலிருந்து பலகையாகப் பெயர்த்துக் கொண்டுவந்து நட்டிருக்கிறார்கள். மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று எத்தனையோ காலமாகத் தள்ளித் தள்ளி, கல் மலைக்கு முதுகைக் காட்டிக் கிழக்கே சாய்ந்துவிட்டது என்பார்கள்.

பாண்டவர்கள் பந்தல் போட ஊன்றிய கால் என்று ஊரில் ஒரு கதை. ஒருமுறை ஒரு கல்லூரிப் பேராசிரியர் வந்து பார்த்தபோது நானும் பக்கத்தில் இருந்தேன். இரும்பு புழங்க ஆரம்பித்த காலத்து ஜனங்கள் செத்தவர்களுக்காக நட்டது, அடியில் எலும்பு இருந்தாலும் இருக்கும், வெறும் நினைவுக்காக நட்டிருந்தாலும் இருக்கும் என்றார். செத்தது ஆணா பெண்ணா, அழுதது யார், யாருக்கும் தெரியாது. அழுத ஜனமும் போய், அவர்கள் பேசிய பேச்சும் போய், கல் மட்டும் நின்றுகொண்டிருக்கிறது. அந்தக் காட்டில் வேலை இருக்கும் நாட்களில் அதன் பக்கத்தில் போய்ச் சும்மா நிற்பேன். எனக்குப் பயமாகவும் இருக்கும், பிடிக்கவும் செய்யும்.

வெள்ளைக்காரன் காலத்தில் இந்த நிலத்தை அளக்க வந்தவர்கள், ரெடிமேடாக ஒரு கல் நிற்கிறதே, புதுக் கல் நடுகிற வேலை மிச்சம் என்று அதையே எல்லைப் புள்ளியாகப் படத்தில் ஏற்றிவிட்டார்கள். பிற்பாடு அந்த நிலத்தை இரண்டு சகோதரர்கள் பாகம் பிரித்தார்கள். மூத்தவர் பரமசிவம், இளையவர் ஆவுடையப்பன். பொத்தைப் பாறையில் வெட்டிய ஒரு குறியிலிருந்து தெற்கே குத்துக்கல் வரைக்கும் நேர்க்கோடு. மேற்கே உள்ளது அண்ணனுக்கு, கிழக்கே உள்ளது தம்பிக்கு. அப்போது இருந்த அளவர் யாரென்று எனக்குத் தெரியாது, அவர் அந்தக் கோட்டைப் பார்த்துக் கொடுத்தார். அந்தக் கோட்டில் வரப்புப் போட்டுக்கொண்டார்கள்.

பாகம் பிரித்த அன்றே இரண்டு பேருக்கும் பேச்சு நின்றுவிட்டது. காரணம் கேட்டால் ஆளுக்கு ஒன்று சொல்வார்கள், இரண்டுமே அற்பமான காரணங்கள். “இனி ஒன் மண்ண மிதிக்க மாட்டேன்” என்று மூத்தவர் அன்றைக்குச் சொன்னாராம். சொன்னதை அப்படியே காப்பாற்றினார். வீடுகளுக்கு நடுவே ஒரே சுவர். காலம் போகப் போக மற்ற மூன்று வீட்டுக்காரர்களும் பிழைப்பைத் தேடி வெளியேறி, கதவுகளில் பூட்டுத் தொங்கியது. மூத்தவருடைய மனைவி கோமதி இறந்துபோனாள். அவர்களுக்குப் பிள்ளை இல்லை. தம்பி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. கடைசியில் பொத்தையடியில் இருந்த ஜனத்தொகை, பேசிக்கொள்ளாத இரண்டு கிழவர்கள்தான்.

காற்றாலைக் கம்பெனிக்காரர்கள் நிலம் தேடி எங்கள் பக்கம் அலைந்த காலம் அது. ஆவுடையப்பனுடைய நிலம் வழியாகப் பாதை போட ஒரு கம்பெனி கேட்டது. குத்துக்கல் பக்கம்தான் திருப்பம். காற்றாடி இறக்கை ஏற்றி வரும் நீள வண்டி அங்கே திரும்ப வேண்டும் என்றால் ஒவ்வோர் அடியும் முக்கியம் என்று எல்லையைக் காட்டச் சொன்னார்கள். தம்பியும் விற்றுவிட்டுத் தென்காசியில் ஓர் அறை எடுத்து, நாலு மனுஷ முகத்தைப் பார்த்துக்கொண்டு மிச்ச நாளைக் கழித்துவிடலாம் என்று நினைத்திருந்தார். அவர் கொடுத்த மனு என்னிடம் வந்தது.

சங்கிலிக்காரர் இசக்கியோடு போனேன். கம்பெனிக்காரர்கள் வழி பார்ப்பதற்காகக் குத்துக்கல்லைச் சுற்றியிருந்த உடைமுள்ளை எல்லாம் வெட்டிப் போட்டிருந்தார்கள். பாறைக் குறியின் மேல் கருவியை நிறுத்தி, தூக்குக்குண்டு விட்டு மட்டம் பார்த்து, கல்லின் காலைப் பார்த்தேன். வரப்பு அந்தக் கோட்டில் இல்லை. பாறைப் பக்கம் சரியாகத்தான் இருந்தது. தெற்கே போகப் போக விலகி, கல்லுக்குப் பக்கத்தில் மூன்றடி கிழக்கே போய்விட்டது. திரும்பத் திரும்பப் பார்த்தேன். கடைசியில் கருவியைக் கொஞ்சம் தூக்கிக் கல்லின் தலையைப் பார்த்ததும் புரிந்தது. வரப்பு தலைக்கு நேராக இருந்தது. பாகம் பிரித்த காலத்தில் அடியில் புதர் மண்டிக் கிடந்திருக்கும். அந்த அளவர் வெட்டச் சொல்லிச் சிரமப்படாமல், மேலே தெரிந்த தலையைப் பார்த்து அளந்துவிட்டுப் போய்விட்டார். கல் கிழக்கே சாய்ந்திருந்ததால் கோடும் கிழக்கே சாய்ந்துவிட்டது.

அதாவது, ஆப்பு மாதிரி ஒரு துண்டு நிலம் இத்தனை காலமும் அண்ணன் கையில் இருந்தது. படத்தின்படி அது தம்பியுடையது. பொட்டல் மண், எள்ளுகூட விளையாது. ஆனால் ஆப்பின் அகலமான முனையில், வரப்பை ஒட்டி, சுண்ணாம்பு பூசிய ஒரு சின்ன மேடு இருந்தது. தலைமாட்டில் விளக்கு மாடம். அது கோமதியை அடக்கம் செய்த இடம்.

 மேலதிகாரி வந்து பார்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டுத் திரும்பினேன். நான் அளந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்த கம்பெனி ஆள் பாதைவரை கூடவே வந்தான். அந்த மூன்றடி கிடைத்தால் திருப்பம் சரியாகிவிடும், மேட்டைச் சமன் செய்துவிடலாம், கல்லையும் பிடுங்கி ஓரமாகப் போட மேலே அனுமதி வாங்கிக்கொள்கிறோம் என்று சாதாரணமாகப் பேசிக்கொண்டு வந்தான். அவனுக்கு அது ஒரு திருப்பம், அவ்வளவுதான்.

நம்பிராஜன் வந்தார். அவர் ஓய்வு பெற அப்போது கொஞ்ச காலம்தான் இருந்தது. குடையை மடித்து வைத்துவிட்டு, என் கணக்கைப் பார்க்காமல், புதிதாகத் தானே கருவியை நிறுத்திப் பார்த்தார். கல்லடியில் போய்க் குனிந்து மண்ணைக் கொத்திக் கால் எங்கே இறங்குகிறது என்று கையால் தடவினார். மறுபடியும் பாறைக்கு ஏறிப் போய்ப் பார்த்தார். சகோதரர்கள் ஆளுக்கு ஒரு பக்கம் நின்றார்கள். இடையில் வரப்பு. இரண்டு பேரும் எங்களைத்தான் பார்த்தார்களே தவிர ஒருவரையொருவர் பார்க்கவில்லை. சாப்பாட்டு நேரம் வந்ததும் நம்பிராஜன் வழக்கம்போல எல்லையில் உட்காரப் போனார். எந்தக் கோட்டில் உட்காருவது என்று அன்றைக்கு அவருக்கே தெரியவில்லை. சாப்பாட்டைப் பிரிக்காமல் பையிலேயே வைத்துவிட்டார்.

பிறகு இரண்டு பேருக்கும் கேட்கிற மாதிரி, படத்தின்படி எல்லை கல்லின் காலில்தான் போகிறது, இந்தத் துண்டு கிழக்குப் பாகத்தில் சேரும் என்று சொன்னார். பரமசிவம் சத்தம் போடுவார் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் மேட்டைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

“எந்தக் காலத்துல இருந்தோ நிக்குத கல்லு” என்றார். “பிள்ள குட்டி இல்லாதவ. இது பக்கத்துல வச்சா தனியா கெடக்க மாட்டான்னுதான் சார் இங்கன வச்சேன்.”

“அளவு யாருக்கும் சொந்தக்காரன் இல்ல அண்ணாச்சி, எனக்கும் இல்ல” என்றார் நம்பிராஜன்.

 பரமசிவம் மேட்டிலிருந்து பைய நகர்ந்து, நாங்கள் கம்பு நட்டிருந்த கோட்டைத் தாண்டி மேற்கே வந்து நின்றார். தம்பி மண் என்று தெரிந்த பிறகு ஒரு நிமிஷம்கூட அவர் கால் அதில் நிற்கவில்லை. அப்படியே திரும்பி வீட்டைப் பார்த்து நடந்தார். ஆவுடையப்பன் வரப்பு வரைக்கும் வந்து, அந்த முதுகைப் பார்த்தபடி நின்றார்.

பஸ்ஸில் திரும்பும்போது நம்பிராஜன் வழி முழுக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்தார். என் மனைவி இறந்து அப்போது ஒரு வருஷம்கூட ஆகவில்லை. எரித்து, சாம்பலைக் குறுக்குத்துறையில் ஆற்றில் விட்டிருந்தோம். அவளிடம் பேச வேண்டுமென்றால் நான் ஆற்றிடம்தான் பேச வேண்டும். ஓடுகிற தண்ணீரிடம் என்ன பேச முடியும்? மேடு ஒன்று வைத்திருந்தவரைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. அந்த மேட்டையும் அவரிடமிருந்து அளந்து பிடுங்கிவிட்டோம். அளவில் தப்பில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது.

ஒரு மாதம் கழித்து ஆவுடையப்பன் எங்கள் அலுவலகத்துக்கு வந்தார். நம்பிராஜனும் நானும் இருந்தோம். கம்பெனி முன்பணத்தோடு காத்திருந்த நேரம். எல்லைச் சான்றுக்குத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அவரோ அந்தத் துண்டை அண்ணன் பெயருக்கு மாற்ற வழி உண்டா என்று கேட்டார். மாற்றினால் வண்டி திரும்பாது, கம்பெனி வேறு வழி பார்த்துக்கொண்டு போய்விடும், உங்கள் நிலம் விற்காது என்று எடுத்துச் சொன்னேன். தெரியும் என்றார். தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் முறுக்கிக்கொண்டு மெல்லச் சொன்னார்.

“அவரு தெனம் சாயங்காலம் அங்கன உக்காந்து மதினிகிட்ட பேசுவாரு சார். மழையக் காணோம், ஆடு குட்டி போட்டிருக்கு, முட்டு வலிக்கி, இப்படி எதையாவது. நான் வரப்புக்கு இந்தப் பக்கம் வேப்ப மூட்டுல இருந்து கேட்டுக்கிட்டு இருப்பேன். நான் இருக்கது அவருக்குத் தெரியுமோ என்னமோ. நீங்க அளந்துட்டுப் போன நாள்ல இருந்து அவரு வரல. சத்தமே இல்ல. அந்த ஊர்ல வேற பேச்சு ஏது சார்?”

கோமதி இருந்தவரை கொழுந்தனுக்கும் சேர்த்துத்தான் உலை வைத்தாளாம். பேச்சு நின்ற பிறகும் மத்தியானமானால் நடுச்சுவருக்கு மேலே ஒரு சோற்றுச் சட்டி வந்து உட்காரும். அண்ணன் அதைப் பார்த்தும் பார்க்காத மாதிரி இருப்பாராம். அவள் போன பிறகுதான் தானே பொங்கிச் சாப்பிடக் கற்றுக்கொண்டதாகச் சொன்னார். தான் வந்து கேட்டது அண்ணனுக்குத் தெரிய வேண்டாம் என்றும் சொன்னார். தெரிந்தால் வாங்க மாட்டார்.

அதுதான் சிக்கல். தானமாக எழுதிக் கொடுத்தால் வாங்கிக்கொள்கிறவரும் கையெழுத்துப் போட வேண்டும். தம்பி கொடுக்கிறான் என்றால் பரமசிவம் பேனாவைத் தொட மாட்டார். நான் இதைச் சொன்னபோது நம்பிராஜன் கண்ணாடியைக் கழற்றினார். துடைக்கவில்லை, மேஜையில் வைத்தார்.

“அந்தக் காலத்துல தலையப் பாத்து அளந்தது நம்ம ஆளு” என்றார். “நாம செஞ்ச தப்புக்கு அந்த அம்மா ஏன் வே எந்திரிச்சுப் போகணும்?”

அவர் கண்டுபிடித்த வழி இதுதான். படம் ஒன்று சொல்கிறது, தரையில் அனுபவம் வேறாக இருக்கிறது. பாகம் பிரித்ததிலிருந்து இரண்டு தரப்பும் அந்த வரப்பை எல்லையாக வைத்துத்தான் அனுபவித்து வந்திருக்கிறார்கள். அதையே எல்லையாக ஏற்றுக்கொள்ள இரண்டு பேருக்கும் சம்மதம் என்றால், வரப்பில் புதுக் கல் நட்டுப் படத்தைத் திருத்த மேலே எழுதலாம். இதில் கொடுக்கிறவனும் இல்லை, வாங்குகிறவனும் இல்லை. வாழ்நாள் முழுக்கக் காலைப் பார், காலைப் பார் என்று எங்களைப் பிடுங்கிய மனிதர், தலையைப் பார்த்துப் போட்ட வரப்புக்காகத் தானே உட்கார்ந்து நாலு பக்கம் எழுதினார். மேலே இருந்தவர்கள் விளக்கம் கேட்டு இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். இரண்டு முறையும் திரும்ப எழுதினார்.

இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டால் கல் நடலாம் என்று உத்தரவு வந்ததும் பொத்தையடிக்குப் போனோம். ஆவுடையப்பன் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். பரமசிவம் வீட்டு வாசலில் நின்று நம்பிராஜன் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

“இது அவன் குடுக்குததா?” என்றார்.

“இல்ல அண்ணாச்சி. நாங்க திருத்துதது.”

அவர் நம்பிராஜன் முகத்தை வெகுநேரம் பார்த்தார். நம்பினாரா என்று எனக்கு இன்றைக்கும் சொல்லத் தெரியாது. அப்போ சரி என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டார்.

செல்வி, உனக்கு வேண்டிய பதில் இவ்வளவுதான். இப்போது எல்லை, வரப்பில் நாங்கள் நட்ட கற்களில் போகிறது. குத்துக்கல்லுக்கும் எல்லைக்கும் சம்பந்தம் கிடையாது, அவர்கள் தாராளமாக நிமிர்த்திக்கொள்ளட்டும். கம்பெனி அப்போதே தெற்கே வேறு வழி பார்த்துக்கொண்டு போய்விட்டது. சகோதரர்கள் இரண்டு பேரும் இப்போது இல்லை. நம்பிராஜன் சாரும் இல்லை. வேலி போட வருகிறவர்களிடம், கல்லுக்கு வடக்கே இருக்கும் மேட்டை மண்வெட்டியால் தொட வேண்டாம் என்று மட்டும் நீ ஒரு வார்த்தை சொல். அது அவர்கள் தேடுகிற காலத்து ஆள் இல்லை, ஆனால் ஆள்தான்.

கல் நட்ட அன்று சாயங்காலம் நடந்ததையும் எழுதிவிடுகிறேன். இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. நம்பிராஜன் முன்னாலேயே பஸ்ஸுக்குப் போய்விட்டார். இசக்கியும் நானும் கடைசிக் கல்லை மிதித்து இறுக்கிவிட்டு, சங்கிலியைத் துடைத்துக் கண்ணி கண்ணியாக மடக்கிக்கொண்டிருந்தோம். பரமசிவம் கையில் எண்ணெய்ப் புட்டியோடு வந்தார். புதுக் கல் எங்கே நிற்கிறது என்று பார்த்தார். மேட்டின் மேலிருந்த சருகைக் கையால் ஒதுக்கி, மாடத்தில் விளக்கை ஏற்றிவிட்டு உட்கார்ந்தார். வரப்புக்கு அந்தப் பக்கம் வேம்பின் அடியில் ஆவுடையப்பன் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார். பெரிய கல்லின் நிழல் நீண்டு, வரப்பைத் தாண்டி அவர் பக்கம் போய்க்கொண்டிருந்தது.

கொஞ்ச நேரம் பரமசிவம் மெதுவாகத்தான் பேசினார், எங்களுக்குக் காதில் விழவில்லை. பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டார். எங்கள் பக்கத்தில் பேச்சு நின்றுபோனவர்கள் நாயிடமோ சுவரிடமோ சொல்வதுபோலச் சாடையாகச் சொல்வார்கள், கேட்க வேண்டியவர் கேட்டுக்கொள்வார். அந்தக் குரலில், மேட்டைப் பார்த்தபடியே சொன்னார்.

“கோமதி, ஒன் கொழுந்தன் வீட்ல காலையில இருந்து பொகையே வரல. சாப்பிட்டானா என்னன்னு கேளு.”

இசக்கி என் கையைப் பிடித்துக்கொண்டார்.  வேம்பின் அடியில் அந்த முதுகு அசையவில்லை. பிறகு, திரும்பிப் பார்க்காமல், ஆவுடையப்பன் பதில் சொன்னார்.

“இன்னும் சாப்பிடல மதினி.”

அங்கே எங்களுக்கு இனி வேலை இல்லை. மிச்சச் சங்கிலியை மடக்காமலேயே இரண்டு கையாலும் அள்ளிக்கொண்டு, அது சத்தம் போடாமல் நெஞ்சோடு சேர்த்துப் பிடித்தபடி, பொத்தையைச் சுற்றி இறங்கினோம்.